நம் மண்டபத்தில் மந்திரமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து வாசலில் நின்று உங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் பங்கின் மூத்த அன்னை ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். குரலைத் தாழ்த்தி, "பாதர், சனிக்கிழமையளில கீழ் மண்டபத்தில பிள்ளையள் மந்திரம் செய்யினமாம். உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். "தெரியும் அம்மா, நானும் அதில இருக்கிறனான்" என்றேன். அவருடைய முகம் போன போக்கை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அன்று அவருக்கு விளக்கம் சொல்லப் பொழுது இருக்கவில்லை; அடுத்த திருமுழுக்குக்கு ஆள் காத்திருந்தது. அதன்பின் வேறு இருவரும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எனவே எழுதிவிடுவது நல்லது என்று அமர்ந்தேன். விளக்கம் எழுதத் தொடங்கியது வேறோர் இடத்திற்குப் போய்விட்டது. சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

முதலில் விளக்கம். பிள்ளைகள் ஆடுவது பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு. மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரைக் கேம் மாஸ்டர் என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லுவார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். சாதாரண ஆறுமுகப் பகடைதான். ஆனால் ஒருவர் ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டு பகடைகளை உருட்டுகிறார். 5, 6 விழுந்தவற்றை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள்.

இவர்கள் ஆடும் விளையாட்டின் பெயர் ஷாடோரன். 1989இல் அமெரிக்காவில் ஃபாசா என்ற நிறுவனம் வெளியிட்டது. நம் பிள்ளைகளிடம் இருப்பது 2013இல் வந்த 5ஆம் பதிப்பு. செங்கல் கனமுள்ள புத்தகம். கதை நடப்பது 2075ஆம் ஆண்டுச் சியாட்டில் நகரில். அங்கே பெருநிறுவனங்கள் அரசுகளைவிட வலியவை; கணினி வலைக்குள் மனிதர் உணர்வோடு நுழைந்து நடமாடலாம்; அதே உலகில் மந்திரமும் திரும்பி வந்திருக்கிறது. ஒருவன் வலையை ஊடுருவிக் கதவைத் திறப்பான், இன்னொருவன் மந்திரத்தால் காயத்தை ஆற்றுவான். இரண்டும் ஒரே தெருவில் நடக்கும்.

இது சூனியமா என்றால், இல்லை. இத்தகைய விளையாட்டுகளுக்குத் தாய் என்று சொல்லத்தக்க டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. 1980களில் அமெரிக்காவில் அதைச் சாத்தானின் வழிபாடு என்று அஞ்சிப் பெரும் ஆரவாரம் எழுந்தது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று பின்னர் தெளிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2116, 2117ஆம் எண்களில் குறிபார்த்தலையும் மந்திரவித்தையையும் கடிந்து விலக்குகிறது. மறைந்த ஆற்றல்களை வசப்படுத்தித் தனக்கு ஏவல் செய்ய வைக்க முயல்வதே அங்கே குற்றம். நம் பிள்ளைகள் எதையும் வசப்படுத்தவில்லை. மாவுருண்டைப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது கண்ணூறு கழிக்க மிளகாய் சுற்றினால், அதைப்பற்றி நான் பேச வேண்டியது இதைவிட அதிகம்.

நான் எப்படி அந்த மேசைக்கு வந்தேன் என்பது சிறு கதை. மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகள் மண்டபத் திறப்பைக் கேட்டார்கள்; பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது மறைமாவட்ட ஒழுங்கு. சும்மா இருப்பதற்கு ஆடலாமே என்றார்கள். மந்திரவாதியாக இருக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டுபவன் வேடம் கிடைத்தது. மூன்றாம் வாரமே சுடப்பட்டேன்.

இங்கே விதிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சலிப்பாக இருக்காது என்று நம்புகிறேன். திருச்சபைச் சட்டம் படித்த எனக்கு இது மிகவும் சுவைத்தது.

வலையை ஊடுருவுபவரை டெக்கர் என்கிறார்கள். நம் குழுவில் அது பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. அவள் ஒரு கமராவையோ பூட்டையோ கைப்பற்ற வேண்டுமானால் முதலில் அதன்மேல் தன் அடையாளத்தைப் பதிக்க வேண்டும். அடையாளம் கூடக்கூட அதிகாரம் கூடும். ஆனால் ஒவ்வொரு கள்ளச் செயலுக்கும் எங்கோ ஒரு கண்காணிப்புக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கணக்குக் கேம் மாஸ்டரிடம் இருக்கும், அவளுக்குத் தெரியாது. சும்மா இருந்தாலும் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு பகடை அளவு ஏறும். 40ஐத் தொட்டால் வலையின் காவற்படை வந்து அவள் கருவியைச் செயலிழக்கச் செய்து, அவள் இருக்குமிடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காவற்படையின் பெயர் கிரிட் ஓவர்வாட்ச் டிவிஷன். மூன்று முதலெழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் கடவுள் என்று வரும். "பாதர், கடவுள் வாறார்" என்று அவர்கள் கத்தும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மறைந்திருந்து கணக்கு வைத்துக்கொண்டு 40இல் வந்து விழும் கடவுளை நான் அறியேன் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "எங்கட அம்மாவுக்கு அவரைத் தெரியும்" என்றாள் அந்தப் பிள்ளை.

மந்திரத்தின் விதி வேறு வகை. ஒவ்வொரு மனிதனுக்கும் உயிர்ச்சாரம் என்று ஓர் அளவு உண்டு, தொடக்கத்தில் 6. உடலைக் கீறி இயந்திரக் கை, இயந்திரக் கண் என்று பொருத்தப் பொருத்த அது குறையும்; முற்றாகத் தீர்ந்தால் இறப்பு. மந்திரம் செய்பவனுக்கு உயிர்ச்சாரம் குறைந்தால் மந்திர வலுவும் சேர்ந்து குறையும். தொலைவிலிருந்து செய்யும் மந்திரத்திற்கு எதிரிலிருப்பவரைத் தன் கண்ணால் காண வேண்டும். கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்க்கலாம், நிலைக்கண்ணாடியில் பார்க்கலாம், தொலைநோக்கியின் வில்லை வழியாகவும் பார்க்கலாம், ஏனெனில் ஒளி அங்கே தானே வந்து சேர்கிறது. கமரா ஆகாது. கமரா ஒளியை எண்களாக்கி, அந்த எண்களிலிருந்து வேறொரு படத்தைச் செய்து காட்டுகிறது. நீ பார்ப்பது அவரை அல்ல, அவரைப் பற்றிய செய்தியை. ஆனால் அறுவைசெய்து பொருத்திய இயந்திரக் கண்ணும் கமராதானே? அது ஆகும். அதற்கு நீ உன் உயிர்ச்சாரத்திலிருந்து விலை கொடுத்திருக்கிறாய். அது இனி உன் உடல். இந்த விதியை முதலில் கேட்டபோது குருமடத்தில் அருட்சாதனங்களைப் பற்றிய வகுப்பில் அமர்ந்திருப்பது போலிருந்தது.

காயம் ஆற்றும் மந்திரத்திற்கோ பார்வையும் போதாது. தொட வேண்டும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சுடப்பட்ட நான், அதாவது என் வண்டியோட்டி, ஒரு பெருநிறுவனத்தின் மருத்துவக் கூடத்தில், பூட்டிய அறைக்குள் நினைவிழந்து கிடக்கிறேன். இரவு தாண்டாது என்று கேம் மாஸ்டர் சொல்லிவிட்டான். மற்றவர்கள் இரண்டு தெரு தள்ளி வானுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். டெக்கர் பிள்ளை அறையின் கமராவைக் கைப்பற்றிவிட்டாள். திரையில் நான் தெரிகிறேன். மந்திரவாதியாக ஆடுபவன் பதினான்கு வயதுப் பையன், குழுவில் இளையவன். "ஆளைக் காணுறன்! காயத்தை ஆத்துறன்!" என்று எழுந்து பகடையை அள்ளினான். இவர்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி தமிழ். முழுவதையும் தமிழாக்கித் தருகிறேன்.

"ஏலாது. கமரா" என்றான் கேம் மாஸ்டர்.

புத்தகம் திறக்கப்பட்டது. வாதம் முக்கால் மணிநேரம் நடந்தது. அந்த அறையில் செவிலியர் வேலை செய்யும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதை டெக்கர் கைப்பற்றி, அதன் கையால் தொட்டால் என்ன என்றான் சிறியவன். ஆகாது, அந்தக் கைக்கு நீ எதையும் விலையாகக் கொடுக்கவில்லை. அது என்னுடைய சொந்த இரும்புக் கையாக இருந்தால்? ஆகும். கையுறை போட்டுக்கொண்டு தொட்டால்? கேம் மாஸ்டர் சிறிது யோசித்து, புத்தகத்தைப் பார்க்காமலே, "கையுறை பரவாயில்லை" என்றான். ஏன் கையுறை ஆகும், இயந்திரக் கை ஆகாது என்று சிறியவன் கேட்டபோது, "கையுறைக்குள்ள நீ இருக்கிறாய்" என்றான்.

அந்தச் சொல் என்னைச் சற்று உலுக்கியது. திருச்சபைச் சட்டத்தின் 1000ஆம் இலக்கத்தில், நோயில் பூசுதலின்போது குரு தம் கையாலேயே பூச வேண்டும், கனத்த காரணம் இருந்தால் ஒரு கருவியைப் பயன்படுத்தலாம் என்று உண்டு. தொற்றுக்காலத்தில் நாங்கள் பஞ்சுக்குச்சியால் பூசினோம். கருவியின் மறுமுனையில் குரு இருக்க வேண்டும், அவ்வளவே.

சிறியவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஒரு விதியாலதானே அவர் சாகப்போறார்? இந்த விதியை ஆர் எழுதினது? நாங்கள் விளையாடுறம்தானே, மாத்துங்கோவன்!" என்றான். மேசை அமைதியானது. கேம் மாஸ்டர் என் பக்கம் திரும்பினான்.

"பாதர், நீங்க சொல்லுங்கோ. கமராவுக்குள்ளால செய்யலாமோ?"

மற்றவர்கள் அதை விளையாட்டுக் கேள்வியாகவே கேட்டார்கள். எனக்கும் அவனுக்கும் அது அப்படி இருக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்ல, 2020ஆம் ஆண்டு ஏப்பிரலுக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தின் முத்திரைக்குரிய எதுவும் இதில் இல்லை, ஏனெனில் பாவசங்கீர்த்தனம் நடக்கவேயில்லை.

அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்பிரல் 12. அதற்கடுத்த வாரம் நம் பங்கின் முதியவர் ஒருவர் தொற்றால் மருத்துவமனையில் இருந்தார். மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டார் எவரையும் உள்ளே விடவில்லை. அப்பா பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, இப்போது கேட்கிறார். செவிலியர் ஒருவர் கைக்கணினியைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். காணொளியில் கேட்டு மன்னிப்பு வழங்குவீர்களா என்றார்.

விதியை நான் அறிந்திருந்தேன். 1602ஆம் ஆண்டிலேயே, எதிரில் இல்லாத குருவிடம் கடிதம் மூலமோ தூதர் மூலமோ பாவங்களை அறிக்கையிட்டு, அதே குருவிடமிருந்து தொலைவிலிருந்தே மன்னிப்புப் பெறலாம் என்ற கருத்தை, திருத்தந்தை 8ஆம் கிளமெந்து காலத்தில் உரோமை கண்டித்து விலக்கியது. 2002இல் திருச்சபையும் இணையமும் பற்றித் திருப்பீடம் வெளியிட்ட ஏடும் இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இது மனிதர் வைத்த வேலி மட்டும் என்றால் தளர்த்தலாம். புனித தோமா அக்குவினாஸ், வாளை அடைக்கலமாகக் கொடுத்தவன் பித்தேறி வந்து கேட்டால், ஒப்படைத்த பொருளைத் திருப்பித்தர வேண்டும் என்ற சட்டத்தைப் பற்றிக்கொண்டு அவன் கையில் வாளைக் கொடுக்காதே என்கிறார். சட்டத்தின் சொல்லைவிட அதன் நோக்கத்தைப் பார்க்கும் அந்த நேர்மையை ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். ஆனால் 1562இல் திரிதெந்துப் பொதுச்சங்கம், அருட்சாதனங்களை வழங்கும் முறையைத் திருச்சபை மாற்றலாம், அவற்றின் சாரத்தை மாற்ற அதற்கு உரிமை இல்லை என்று எல்லை கீறியது. தண்ணீர், அப்பம், எண்ணெய், ஒருவர் முன் ஒருவர் இருத்தல். கடவுள் உடலெடுத்து வந்தார் என்று நம்புகிற நாம் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவரின் பணியாளரை இயேசு தொலைவிலிருந்தே குணமாக்கினாரே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். அவருக்குத் தூரம் தடையல்ல. அதனால்தான் செபத்திற்கும் ஆசிக்கும் தூரம் தடையல்ல. 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த ஆசியை நாம் எல்லோரும் திரையில் பெற்றோம். ஆனால் ஆண்டவர் தம் ஆற்றலுக்கு எல்லை வைக்காதது வேறு. நம் கையில் ஒப்படைத்ததற்கு ஒரு வடிவம் வைத்தது வேறு. நான் அவருடைய பணியாளன், அவரல்லன்.

ஆகவே காணொளியில் மன்னிப்பு வழங்க முடியாது என்றேன். அதே ஆண்டு மார்ச் 20 அன்று திருப்பீடத்தின் பாவமன்னிப்பு நீதிமன்றம் நினைவூட்டியதை மகளுக்கு விளக்கினேன்: பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாத நிலையில், பின்பு செய்வேன் என்ற உறுதியோடு, கடவுள்மேல் கொண்ட அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம் சாவான பாவங்களுக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும். பின்னர் காணொளியில் வந்தேன். முதியவரின் முகம் பாதி கருவிக்குள் மறைந்திருந்தது. மனஸ்தாப மன்றாட்டைச் சொல்லிக் கொடுத்தேன்; அவர் உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, படம் விட்டுவிட்டு வந்தது. ஆசி வழங்கினேன். மறுநாள் விடியற்காலை இறந்துவிட்டார். அடக்கத்திற்குப் பத்துப் பேர். மகள் அதன்பின் கோவிலுக்கு வரவில்லை. பேரனை மட்டும் மறைக்கல்விக்குக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்.

அப்போது பேரனுக்குப் பதினொரு வயது. இப்போது பதினேழு. அவன்தான் எங்கள் கேம் மாஸ்டர்.

மேசைக்குத் திரும்புவோம். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலாது தம்பி" என்றேன்.

அவன் தலையசைத்தான். புத்தகத்தை மூடினான். சிறியவன் நாற்காலியில் சரிந்து அமர்ந்தான். அப்போது, இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த டெக்கர் பிள்ளை சலிப்போடு சொன்னாள்: "நான் முக்கால் மணித்தியாலமாக் கமராவைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். கதவுப் பூட்டும் அதே வலையிலதான் இருக்கு. கதவைத் திறக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லையே?"

முடக்குவாதமுற்றவரைக் கட்டிலோடு தூக்கி வந்த நால்வரைப் பற்றி நான் எத்தனை மறையுரை செய்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் வாசலில் நின்று இயேசுவிடம் தொலைவிலிருந்தே குணமாக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கூரையைப் பிரித்தார்கள். பிள்ளைகளின் மொழியில் அது ஹாக்.

நான் இதுவரை உங்களில் எவரிடமும் சொல்லாத ஒன்று இங்கே உண்டு. அன்று மகள் பேசி முடித்ததும் நான் மருத்துவமனைக்கு அழைத்தேன். ஒரே ஒரு தடவை. வரவேற்பில் இருந்த பெண்மணி, பார்வையாளர் எவருக்கும் அனுமதியில்லை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் பார்வையாளன் அல்லன் என்று சொல்லவில்லை. ஆன்மிகப் பணியாளரிடம் இணைக்கச் சொல்லவில்லை. தாதியர் பொறுப்பாளரைக் கேட்கவில்லை. சாவின் ஆபத்தில் எந்தக் குருவும் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கடமைப்பட்டவர் என்று 986ஆம் இலக்கம் சொல்வதை, காணொளி ஆகாது என்பதை அறிந்த அளவுக்கு நான் அறிந்தேயிருந்தேன். ஒரு மாதம் கழித்து, வேறு நகரில் இருக்கும் குரு நண்பர் ஒருவர், தாம் மூன்று தடவை அழைத்து, மன்றாடி, முழுக்கவச உடையோடு உள்ளே சென்று, கையுறைக் கையில் பஞ்சுக்குச்சி பிடித்துப் பூசிவிட்டு வந்ததைச் சொன்னார். எனக்கும் அனுமதி கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை. என் இரத்தத்தில் சீனி இருக்கிறது, அந்த மாதம் எங்கள் வயதுக் குருக்கள் பலர் இறந்த செய்திகள் வந்துகொண்டிருந்தன, பயந்தேன். அந்தப் பயத்திற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். விதியைச் சரியாக விளக்கிய நிம்மதியில் அன்றிரவு நித்திரை கொண்டேன் என்பதுதான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது.

மேசையில் எல்லாம் ஒரே கணத்தில் மாறிவிட்டது. கதவைத் திறந்தால் கண்காணிப்புக் கணக்கு ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கேம் மாஸ்டர் முகத்தைக் கல்லாக்கி வைத்திருந்தான். பின்னர் தாளைக் காட்டினான், 36. சிறியவன் வானை விட்டு இறங்கி, காவலர் நடமாடும் நடையைக் கடந்து, தானே அந்த அறைக்குப் போக வேண்டும். அவனிடம் துப்பாக்கி கூட இல்லை. "போகாட்டி?" என்றான். "போகாட்டி வானுக்குள்ள இருந்து பாக்கலாம். வடிவாத் தெரியும்" என்றான் கேம் மாஸ்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் உருட்டினாள். பதினொரு பகடையில் நான்கு தேறின. பூட்டு எதிர்த்து உருட்டியதில் மூன்று தேறின. கதவு திறந்தது. அந்த மூன்றும் கணக்கில் ஏறி 39 ஆயின. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன் என்பதை யாரோ சொன்ன பிறகே கவனித்தேன். அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. பெற்றோரின் வாகனங்கள் வெளியே ஒலி எழுப்பத் தொடங்கின. சிறியவனின் மந்திரவாதி நடையின் நடுவில் நிற்க, அன்றைய ஆட்டத்தை நிறுத்தினோம்.

மற்றவர்கள் போனபின் கேம் மாஸ்டர் கதிரைகளை மடிக்க நின்றான். நானும் மடித்தேன். பாதி மடித்தபின் கேட்டான்:

"பாதர், அம்மப்பாவுக்கு நீங்க செய்தது சரியோ?"

அவனிடம் இரண்டையும் சொன்னேன். கமராவைப் பற்றிச் சொன்னது சரி, இன்றும் அதையே சொல்லுவேன் என்றேன். கதவைப் பற்றிப் பிழை என்றேன். ஒரு தடவை மட்டும் அழைத்ததையும், பயந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் கதிரையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அப்ப நீங்க பகடை போடவே இல்லை" என்றான்.

"இல்லைத் தம்பி."

வேறு ஒன்றும் பேசவில்லை. மின்விளக்கை அவன்தான் அணைத்தான்.

அடுத்த வாரம் அவனுடைய தாயிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வீட்டிற்குப் போனேன். அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னேன். அது மன்னிப்புக் கேட்கப் போன பயணம்தான். ஆனால் கேட்டதும் கிடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது என்று தெரிந்திருந்தது. அவர் நீண்ட நேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "காணொளியில மாட்டன் எண்டு நீங்க சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லை, பாதர். அப்பாவும் அதைச் சொன்னவர், பாதர் மாட்டார் எண்டு. நீங்க வருவீங்கள் எண்டு பாத்தவர். அதுதான்."

இதற்கு நான் என்ன மறுமொழி சொல்வது? சொல்லவில்லை.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். என் குரல் கேட்டபோது அப்பா சிலுவை அடையாளம் போட முயன்றதாகவும், கை நெஞ்சுவரை மட்டுமே எழும்பியதாகவும் செவிலியர் பின்னர் சொன்னாராம். எனக்குத் திரையில் அது தெரியவில்லை. கமரா முகத்திற்கு நேரே இருந்தது. அந்த மனிதர் உத்தம மனஸ்தாபத்தோடு போனார் என்று நான் நம்புகிறேன். திருப்பலியில் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்கிறேன். அது வேறு கணக்கு. என் பிழையின் கணக்கை அதைக் கொண்டு அடைத்துவிட முடியாது.

இதை எழுதுவதற்கு அவரிடமும் மகனிடமும் கேட்டேன். மகன் உடனே சரி என்றான், விதிகளைப் பிழையாக எழுதிவிட வேண்டாம் என்ற நிபந்தனையோடு. தாய் இரண்டு நாள் கழித்துச் சரி என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினார்.

இனி நடைமுறைச் செய்திகள். என் கைத்தொலைபேசி இலக்கம் வாராந்த அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் இனி எப்போதும் இருக்கும். உங்கள் வீட்டில் எவராவது மருத்துவமனையில் இருந்தால், நிலைமை மோசமாகும்வரை காத்திருக்க வேண்டாம், அழையுங்கள். இரவானாலும் அழையுங்கள். அங்கே யாரும் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டாலும் அழையுங்கள்.

பிள்ளைகள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். சந்தேகமுள்ள பெற்றோர் வந்து அமர்ந்து பார்க்கலாம். பகடையைத் தொட்டுப் பார்க்கலாம், சுடாது. என்னைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்ற அன்னையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவாராம். செபமாலையும் கொண்டுவருவாராம், எதற்கும் இருக்கட்டும் என்று. நான் இன்னும் அந்த அறையில் மயங்கித்தான் கிடக்கிறேன். சிறியவன் நடுநடையில் நிற்கிறான். கண்காணிப்புக் கணக்கு 39.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை